யாவ் வாசிக்காத முரசு

1

என் மகன் நிதின் பதினாறு வயது முடிந்து கார் ஓட்டப் பழகுகிறான். பக்கத்து சீட்டில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். அந்தப் பெரியவர் நான். ஸ்டியரிங்கும் என்னிடம் இல்லை, பிரேக்கும் என்னிடம் இல்லை, உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை மான்மவுத் ஜங்ஷனில் இருந்து எடிசனுக்கு மளிகை வாங்கக் கிளம்பினோம். ரூட் ஒன்னில் ஏறியதும் ஐபாடைச் சொருகிப் பாட்டுப் போட்டான். வழக்கமான தடதடப்புதானே என்று நான் கண்டுகொள்ளவில்லை. இரண்டு சிக்னல் தாண்டியதும் ஒரு சொல் காதில் விழுந்தது. பிறகு இன்னொன்று. இங்கிலீஷ் இல்லை. ட்வி. கானா நாட்டில் பேசுகிற மொழி. அதில் எனக்குப் பத்துச் சொல்கூடத் தெரியாது, ஆனால் கேட்டால் அடையாளம் தெரியும்.

“அதை நிறுத்து சாமி” என்றேன்.

நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் இப்போது எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், நைஜீரியா, கானா என்று எல்லா ஊர் ராப் பாட்டும் இன்டர்நெட்டில் கிடைக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னான். நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். எங்கள் வீட்டில் பத்து வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, யாவ் ஞாபகம் வருகிறதா, அதனால்தான் நிறுத்தச் சொல்கிறாயா என்று கேட்டான். இடது பக்கம் லேன் மாறு என்று மட்டும் சொன்னேன்.

அதனால்தான். நான்கு வருடத்துக்கு முன்னால், யாவ் என்கிற கானா நாட்டு ராப் பாடகனை இங்கே பாட வரவழைப்பதற்கு நான் காகிதம் தயார் செய்தேன். விமான நிலையம் வரைக்கும் வந்தான். அதற்குள்ளேயிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் என் பங்கு என்ன என்பது என் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. முகம் தெரியாத உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

2

கரூரில் நான் வக்கீல். ஏழு வருடம் கறுப்புக் கோட்டு மாட்டி, முன்சீப் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா வாங்கியவள். இங்கே வந்த முதல் நான்கு வருடம் கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்த மனைவி, வேலை பார்க்கக் கூடாது. பிறகு கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணினோம். அது வருகிற வரைக்கும் வைத்துக்கொள்ள ஒரு வேலை அட்டை கொடுத்தார்கள். அதை வைத்து எடிசனில் குடியேற்ற விவகாரம் பார்க்கிற ஒரு சின்ன வக்கீல் ஆபீஸில் சேர்ந்தேன். ஊரில் அம்மா, என் மகள் அமெரிக்காவில் வக்கீல் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் ஃபாரம் நிரப்புகிறவள். அப்பா பெயர் குப்புசாமி. அதை என் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு எல்லாரும் என்னை மிஸஸ் குப்புசாமி என்பார்கள். அப்பா பெயரோடு மிஸஸ் சேர்ந்தால் என்ன அர்த்தம் வரும் என்று விளக்கி விளக்கி அலுத்துப்போய், இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

அந்த ஆபீஸுக்கு ஒருநாள் அகோசுவா வந்தார். நியூவார்க்கில் தலைமுடி பின்னிவிடும் கடை நடத்துகிறவர், அங்குள்ள கானாக்காரர்கள் சங்கத்துக்கும் செயலாளர். ஐம்பது வயது இருக்கும். உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி முனகியது. சங்கத்தின் ஆண்டு விழாவில் பாட ஊரில் இருந்து ஒரு பையனை வரவழைக்க வேண்டும், அவன் என் மகன் என்றார். வயிற்றில் பிறந்த மகனா என்று வக்கீல் கேட்டார். இல்லை, என் அக்கா மகன், அதனால் என் மகன்தானே என்று அகோசுவா சொன்னார். வக்கீலுக்குப் புரியவில்லை. எனக்குக் கேட்ட மாத்திரத்தில் புரிந்தது. சின்னம்மா. அந்த நிமிஷமே அந்த அம்மாளை எனக்குப் பிடித்துப்போனது.

கலைஞர்களுக்கென்று இங்கே ஒரு விசா இருக்கிறது. தங்கள் மக்களுக்கே உரிய தனித்தன்மை கொண்ட கலையைக் காட்ட வருகிறவர்களுக்கு. நான் அதற்கு முன்பு இரண்டு நாதஸ்வர கோஷ்டிக்கு அதை வாங்கிக் கொடுத்திருந்தேன். யாவுக்கும் ஃபாரம் நிரப்பினேன். என்ன கலை என்ற இடத்தில், அகோசுவா சொன்னபடியே, ஹிப்ஹாப் என்று எழுதினேன். ஆறு வாரம் கழித்து அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. ஹிப்ஹாப் அமெரிக்காவில் பிறந்த இசை, அதைக் கானாவில் இருந்து ஒருவர் வந்து பாடுவதில் கானாவுக்கே உரிய தனித்தன்மை என்ன இருக்கிறது, ஆதாரத்தோடு விளக்குங்கள் என்பது சாரம்.

நியாயமான கேள்விதான் என்று எனக்கே தோன்றியது. அங்கேதான் நான் வழுக்கினேன்.

3

யாவிடமே கேட்டுவிடலாம் என்று ஃபோன் போட்டேன். அக்ராவில் இருந்தான். இருபத்துமூன்று வயது. ரேடியோ விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தான். யாவ் என்றால் வியாழக்கிழமை பிறந்தவன் என்று அர்த்தமாம். அவர்கள் ஊரில் பிறந்த கிழமையைப் பெயராக வைப்பார்கள். எடுத்த எடுப்பில் என்னை ஆன்ட்டி என்றான். எங்கள் பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். அவன் இங்கிலீஷ் எனக்கு வெள்ளைக்காரர் இங்கிலீஷைவிடச் சுலபமாகப் புரிந்தது, என்னுடையது அவனுக்கும். ஃபோனை வைக்கும்போது, ஐ ஆம் கமிங் என்பான். முதல் தடவை, எங்கே வருகிறான் என்று குழம்பினேன். பிறகுதான் உறைத்தது. நாம் கிளம்பும்போது வர்றேன் என்கிறோமே, அதேதான்.

அவன் சொன்னதைக் குறிப்பு எடுத்தேன். மூன்று பக்கம். அந்தக் குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அகோசுவாவின் மூத்த மகன் நியூவார்க்கில் இருந்து கேசட் அனுப்புவானாம். யாவும் அவன் கூட்டாளிகளும் அதைத் தேய்கிற வரைக்கும் போட்டுக் கேட்டு, காதில் விழுந்தபடி நோட்டில் எழுதிக்கொள்வார்கள். பாதிச் சொல்லுக்கு அர்த்தம் தெரியாது. அமெரிக்க உச்சரிப்பு வர வேண்டும் என்று வாயில் சூயிங்கம் அடக்கிக்கொண்டு பாடுவார்களாம். பனியில் நடந்து போவதைப் பற்றி, துப்பாக்கியைப் பற்றி, பார்த்தே இராத தெருக்களைப் பற்றி. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பனியைப் பற்றிப் பாடினோம் ஆன்ட்டி என்று சொல்லிச் சிரித்தான்.

பிறகு ஒருநாள் வகுப்பில் டீச்சர் வராத நேரம். அவர்கள் ஊர் மினி பஸ் கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கத்துவதை, அந்த அமெரிக்கத் தாளத்துக்கே, ஆனால் ட்வியில், விளையாட்டாகப் பாடியிருக்கிறான். வகுப்பே எழுந்து நின்றுவிட்டதாம். எனக்கு உடனே கரூர் பஸ் ஸ்டாண்டில் ஈரோடு ஈரோடு ஈரோடேய் என்று ஒரே மூச்சில் கத்துகிற ஆள் நினைவுக்கு வந்தான். அன்றோடு சூயிங்கத்தைத் துப்பிவிட்டேன் என்றான் யாவ்.

எனக்கு அவன் இசை மேல் ஒரு குறை இருந்தது, கேட்டும் விட்டேன். இந்தப் பாட்டில் எல்லாம் கெட்ட வார்த்தைதானே என்று. கோபப்படவில்லை. இங்கிலீஷில் திட்டினால் அம்மாவுக்குப் புரியாது, ட்வியில் திட்டினால் அம்மாவின் சர்ச் முழுக்கக் கேட்கும், அதனால் தன் மொழியில் பாடத் தொடங்கியதில் இருந்து ஒவ்வொரு சொல்லுக்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றான். ஊரில் பழைய கிட்டார்க்காரர்கள் தன்னைப் போன்றவர்களைத் திட்டுவதையும் மறைக்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்து வாசித்ததை ஒரு பையன் கம்ப்யூட்டரில் தட்டிவிட்டுப் போகிறான் என்று அவர்களுக்கு வயிற்றெரிச்சல். அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர்களுடைய கிட்டாரைத்தான் என் பாட்டுக்கு அடியில் ஓடவிட்டிருக்கிறேன் என்றான். கடைசியாகச் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

“கடன் வாங்கின சட்டைதான் ஆன்ட்டி. ஆனா பிரிச்சு என் உடம்புக்குத் தெச்சிருக்கேன். இப்ப திருப்பிக் கேட்டா அவங்களுக்குச் சேராது.”

இதைவிட நல்ல பதில் அந்தக் கடிதத்துக்கு இல்லை. இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது. இந்த நியூவார்க்கில் இருந்து கேசட்டில் போன ஒரு சரக்கு, அங்கே வேறொரு மொழியும் வேறொரு வாழ்க்கையும் ஏறி, இதே நியூவார்க்குக்குத் திரும்பி வரப் பார்த்தது. அதில்தான் தனித்தன்மை இருந்தது. நான் அதை எழுதவில்லை.

4

வக்கீல் என் மூன்று பக்கத்தைப் படித்தார். அதிகாரியைப் பொறுத்தது, ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம், ஒருவர் தூக்கி எறியலாம் என்றார். எது பாதுகாப்போ அப்படி எழுது என்று சொல்லிவிட்டு கோர்ட்டுக்குப் போய்விட்டார். நல்ல மனிதர். ஃபைலின் கனத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்.

நான் நாதஸ்வரக் கோஷ்டியின் பழைய ஃபைலை எடுத்தேன்.

நம் ஆட்களுக்கு அமெரிக்காவில் ஒரு பழக்கம் இருக்கிறது. எவனாவது நீ யார் என்று கேட்டால், நாங்கள் இரண்டாயிரம் வருடப் பழமை என்று ஆரம்பிப்போம். பள்ளிக்கூட விழா என்றால் பிள்ளைக்குப் பட்டு வேட்டி, தமிழ்ச் சங்க விழா என்றால் கல்லணை. நேற்று முளைத்த எதையும் எங்களுடையது என்று காட்ட நமக்கு வாய் வராது. பழசுக்குத்தான் மரியாதை என்பது என் ரத்தத்தில் ஊறியிருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த இசையின் மேல் எனக்கு மரியாதையே இல்லை. யாவ் பேசியதை ரசித்தேன், யாவ் பாடியதை ரசிக்கவில்லை. அவனை ஒரு முரசுக்காரன் ஆக்கினால் அவனுக்கு நான் கௌரவம் செய்வதாகவே நினைத்தேன். என் புத்தியை எதால் அடிப்பது.

மறுபடி ஃபோன் போட்டு, உங்கள் குடும்பத்தில் யாராவது முரசு வாசிப்பார்களா என்று கேட்டேன். அம்மாவின் தாய்மாமன் ஒருவர் ஊர்த் தலைவர் வீட்டுச் சாவுக்கு முரசு அடித்திருக்கிறார் என்றான். போதும், எனக்கு அது போதும். நாதஸ்வரக் கடிதத்தில் நாதஸ்வரம் என்ற இடத்தில் எல்லாம் முரசு போட்டேன். கோயில் என்ற இடத்தில் அரண்மனை. வித்வான் என்ற இடத்தில் அரசவைப் பாணர். பரம்பரை பரம்பரையாக என்பதை மட்டும் மாற்றவில்லை, அது அப்படியே பொருந்தியது. ஹிப்ஹாப் என்ற சொல் எங்கேயும் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டு மணி நேரத்தில் யாவ் நான்காம் தலைமுறை முரசுக் கலைஞன் ஆகிவிட்டான்.

அதை அவனுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன்.

“ஆன்ட்டி, எனக்கு முரசு வாசிக்கவே தெரியாதே.”

“அது பேப்பருக்குத்தான் யாவ்.”

“அப்ப வர்றது யாரு ஆன்ட்டி? நானா, பேப்பரா?”

சிரித்துவிட்டேன். ரெண்டு பேரும் வாங்க என்றேன்.

பேப்பருக்கு என்ற சொல் எவ்வளவு சாதாரணமாக என் வாயில் வந்தது என்பதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள், அமெரிக்கக்காரனுக்குப் புரியாது. நான் ஐப்பசியில் பிறந்தவள். என் சர்டிபிகேட்டில் ஜூன் ஒன்று. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பத்தவில்லை என்று ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. என் கணவர் கதிர்வேலுக்கும் அப்படித்தான், மே மாதம் பதினைந்து. வீட்டில் ஒரு பிறந்தநாள், சர்டிபிகேட்டில் ஒரு பிறந்தநாள். இதை நம் ஊரில் யாரும் பொய் என்று சொல்வதில்லை. பேப்பர் வேறு, ஆள் வேறு, இரண்டும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் இருந்துகொள்ளும். அந்த ஜூன் ஒன்றுதான் என் பாஸ்போர்ட்டில், அதுதான் என் கிரீன் கார்டு ஃபைலில், அந்த ஃபைல் அப்போது அரசாங்கத்தின் மேஜையில் காத்திருந்தது. இந்த நாட்டில் பேப்பர்தான் ஆள் என்பது எனக்குப் படிப்பாகத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை.

அனுமதி வந்துவிட்டது. அக்ராவில் தூதரக நேர்காணலுக்கு நான் சொல்லிக்கொடுத்ததை அவன் மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பித்தான். இரண்டே நிமிடம், விசா கிடைத்தது. பள்ளிக்கூட நாடகத்தில் நடித்த மாதிரி இருந்தது என்று சொன்னான். சந்தோஷமாகச் சொல்லவில்லை. விசா வாங்கிவிட்ட சந்தோஷத்தில் எனக்கு அது காதில் ஏறவில்லை.

5

இந்த நேரத்தில் வீட்டிலும் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அகோசுவா யாவின் சிடி ஒன்றைக் கொடுத்திருந்தார். காரில் கிடந்ததை நிதின் எடுத்துப் போட்டான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு. தமிழ் வகுப்புக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்த பருவம். அந்த கண்டக்டர் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டான். ஒரு வாரத்தில் அர்த்தம் தெரியாமலே முழுப் பாட்டையும் கூடச் சேர்ந்து பாடினான். ஒருநாள் என்னிடம், இவன் தன் மொழியில் ராப் பண்ணுகிறான், தமிழில் யாராவது இப்படிப் பண்ணுகிறார்களா என்று கேட்டான். தமிழ் பற்றி அவன் தானாக வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தெரியவில்லை என்றேன். யாவ் வந்ததும் அவனையே கேட்டு எழுதப் பழகுகிறேன் என்றான். நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

யாவ் வந்து இறங்க வேண்டிய நாள் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் இரண்டு மணி சுமாருக்கு ஆபீஸ் ஃபோன் அடித்தது. வக்கீல் கோர்ட்டில். நான் எடுத்தேன்.

“மிஸஸ் குப்புசாமி?”

விமான நிலையத்துக் குடியேற்ற அதிகாரி. கடிதத்தின் அடியில் தொடர்புக்கு என்று என் பெயர் இருந்தது. குரலில் கடுமை ஏதும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. யாவின் பையில் இருபது சிடி இருக்கிறது, அட்டையில் அவன் படம், தொப்பி, கழுத்தில் செயின். கேட்டால் தான் ராப் பாடகன் என்கிறான். காகிதத்தில் பரம்பரை முரசுக் கலைஞர் என்று இருக்கிறது. முரசு வாசிப்பதுபோல மேஜையில் தட்டிக்காட்டு என்றால் தெரியாது என்கிறான். இப்படி எல்லாம் வரிசையாகச் சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி. முரசுக் கலைஞன் என்று அவன் உங்களிடம் சொன்னானா, அல்லது உங்கள் ஆபீஸில் நீங்களாக எழுதினீர்களா?

ஏழு வருடம் கோர்ட்டில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தவள் நான். கூண்டில் நிற்கிறவன் பொய் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் எச்சில் விழுங்குவான், அதைப் பார்த்ததும் மடக்குவேன். அன்றைக்கு நான் விழுங்கியது எனக்கே கேட்டது. நாங்கள்தான் எழுதினோம் என்றால் யார் எழுதினது என்று அடுத்த கேள்வி வரும். என் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டுவார்கள். என் ஃபைல் வரும். அதில் ஜூன் ஒன்று இருக்கும். கதிர்வேல், நிதின், மான்மவுத் ஜங்ஷன் வீடு, எல்லாம் அந்த ஒரு தேதியின் மேல் நிற்பதாக அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. யோசிக்க நான் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“அவர் என்ன சொன்னாரோ அதைத்தான் நாங்க எழுதினோம்” என்றேன்.

அதிகாரி நன்றி சொன்னார். என் பெயருக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார். ஃபோனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, வேறு ஒருவரின் ஃபாரத்தை நிரப்பினேன். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

6

மறுநாள் விமானத்தில் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். ஐந்து வருடம் இந்த நாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வக்கீல் விசாரித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். எழுதினதில் தவறு எங்களுடையது என்று யாராவது சொல்லியிருந்தால், தானாகத் திரும்பிப் போகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு தடை இல்லாமல் விட்டிருப்பார்கள், அப்படி விடுகிற வழக்கம் உண்டு என்று. யாராவது கேட்டார்களா என்று என்னிடம் கேட்டார். ஃபோன் ஒன்று வந்தது, விவரம் மட்டும் கேட்டார்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அகோசுவா ஃபைலைத் திரும்ப வாங்க வந்தார். அன்றைக்கு நாற்காலியில் உட்காரவில்லை. நடந்ததை அவர் வாயால்தான் கேட்டேன். முதலில் பையைத் திறந்து பார்த்தவர் சின்ன வயசு அதிகாரியாம், கறுப்பர். சிடியைக் கையில் எடுத்து, நீ ராப் பண்ணுவியா என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். யாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடம் கேசட்டில் கேட்ட ஊரில், முதல் ஆளே தன்னைத் தெரிந்துகொண்டுவிட்டான் என்று, நின்ற இடத்திலேயே நாலு வரி பாடியும் காட்டியிருக்கிறான். அந்த அதிகாரி கைதட்டினாராம். கைதட்டிவிட்டு, காகிதத்தைப் பார்த்தாராம். அகோசுவா இதைச் சொல்லி அழவில்லை. என் மகனை நீங்க ஏன் வேற ஒருத்தனா எழுதினீங்க என்று மட்டும் கேட்டார். வக்கீலைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார். விசா கிடைக்க வேண்டுமே என்று ஏதோ முனகினேன்.

கதிர்வேலிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். “போச்சாது உடு கண்ணு. நம்ம ஃபைல் நிக்குது, நீ வேற என்ன பண்ணுவ” என்றார். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்றைக்கு வரைக்கும் முழுசாகப் போகவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிதினிடம், யாவ் வரவில்லை, பேப்பரில் ஏதோ பிரச்சினை என்று சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யூ டிட் தி பேப்பர்ஸ்” என்றான்.

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. சும்மா, மழை பெய்கிறது என்பது போலச் சொன்னான். சிடி காரில் இருந்து அவன் அறைக்குப் போனது. தமிழ் ராப் பேச்சு அதோடு நின்றுபோனது. இன்றைக்கு அவனுக்குத் தமிழ் புரியும், அவ்வளவுதான். பிள்ளைகள் இங்கே இப்படித்தான் கை நழுவிப் போகிறார்கள், பள்ளிக்கூடம், சிநேகிதர்கள், டிவி என்று சக அம்மாக்கள் காரணம் அடுக்கும்போது நானும் ஆமாம் போடுவேன். என் பிள்ளை நழுவிய நாளின் கிழமைகூட எனக்குத் தெரியும்.

7

இரண்டு வாரம் கழித்து ஆபீஸுக்கு யாவ் ஃபோன் செய்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம், தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். ஆன்ட்டி என்ற குரலைக் கேட்டதும் வைத்துவிடலாமா என்று நினைத்தேன். திட்டத்தான் போகிறான், திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

திட்டவில்லை. நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றான். எனக்காக இவ்வளவு மெனக்கெட்டீர்கள், நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கெடுத்துவிட்டேன் என்றான். ரேடியோ வேலை போய்விட்டதாம். அமெரிக்காவில் இருந்து பிடித்து அனுப்பப்பட்டவன் என்று பேச்சுப் பரவிவிட்டது, போதைப் பொருள் கொண்டுபோயிருப்பான் என்கிறார்களாம். ராப் பாடுகிறவன் என்றால் அங்கேயும் அப்படித்தான் நினைப்பார்கள் போலிருக்கிறது. கூட்டாளிகள் ஸ்டுடியோப் பக்கம் கூப்பிடுவதில்லை. அம்மா சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டார். இப்போது ஏதாவது எழுதுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். எழுத உட்கார்ந்தால் விமான நிலையத்து விசாரணை அறையில் சாயம் போன மேஜையைத் தட்டச் சொன்னதுதான் ஞாபகம் வருகிறது, தாளமே வரமாட்டேன் என்கிறது என்றான்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னான். அந்த அறையில் அவனைப் பதினான்கு மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார்கள். நான்தான் பொய் சொன்னேன் என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள். இவன் போடவில்லை. உன் வக்கீல் ஆபீஸே நீ சொன்னதைத்தான் எழுதினோம் என்று சொல்லிவிட்டது, பெயர்கூடக் குறித்து வைத்திருக்கிறோம் என்று பெரிய அதிகாரி சொல்லியிருக்கிறார்.

“நான் நம்பலை ஆன்ட்டி. எங்க ஆன்ட்டி அப்படிச் சொல்ல மாட்டாங்க, என்னைக் கையெழுத்துப் போட வைக்க நீங்க பொய் சொல்றீங்கன்னு அவர் மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். அதுலதான் அவருக்குக் கோபம் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் அஞ்சு வருஷம்னு எழுதினாரு.”

லைனில் அவன் ஊர்த் தெருச் சத்தம் கேட்டது, யாரோ பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பொய்தானே ஆன்ட்டி அது?” என்று கேட்டான்.

“ஆமா யாவ்” என்றேன். “அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க.”

“எனக்குத் தெரியும் ஆன்ட்டி” என்றான்.